ராத்திரியில் யார் இருக்கிறார்கள்? ஜவ்வாது மலை உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றைப் பற்றி

என் அண்ணன் மகள் ஜவ்வாது மலையில் ஓர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள். ஒன்றாம் வகுப்பில் இருந்தே தங்கல் அங்கேதான். அண்ணனும் அண்ணியும் காப்பி, மிளகு சீசனில் குடகுக்குப் போய்விடுவார்கள். அதனால் பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. நான் கீழே ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நானும் ஒரு ஜிடிஆர் பள்ளியில் தங்கிப் படித்தவள்தான், இந்த அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைத்தான் அப்படிச் சொல்வோம். மே மாதம் வந்தால் ஊரில் இருந்து போன் வரும். "அங்க சேக்கலாமா? புள்ளைய நல்லா பாத்துக்குவாங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. அங்கே தங்கியிருப்பது கொஞ்சம் பிள்ளைகள்தான். பெயர் போட்டால் எந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன் என்று மலை முழுக்கத் தெரிந்துவிடும். நான் சொல்லப்போகும் குறைகளும் அந்த ஒரு பள்ளியோடு நிற்பவை இல்லை.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். பகல் நேரத்தை மட்டும் பார்த்திருந்தால் நாலு கொடுத்திருப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இந்தப் பள்ளிகள் ஏன் வேண்டும் என்பது கீழே இருப்பவர்களுக்குச் சட்டென்று புரிவதில்லை. "அஞ்சு வயசுக் குழந்தையை எப்படி விட மனசு வருது?" என்று என்னோடு டியூட்டி பார்க்கும் நர்ஸ் ஒருவர் கேட்டார். எங்கள் மலையில் பத்து வீடு ஒரு பக்கம், பதினைந்து வீடு இன்னொரு பக்கம் என்று ஊர்கள் சிதறிக் கிடக்கும். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் வழி அடைபட்டுப் போகும். சாமை அறுவடை முடிந்ததும் மலையில் கூலி வேலை குறைந்துவிடும். குடகு, கேரளா, திருப்பூர், பெங்களூரு கட்டட வேலை என்று சனங்கள் கிளம்புவார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் எஸ்டேட் லைனில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்வதோடு படிப்பு முடிந்தது. செம்மரம் வெட்ட ஆள் பிடித்துப் போன கதையும் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அதில் நம் மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்பா ஜெயிலில், அப்பா இல்லை என்று சொல்லும் பிள்ளைகள் இந்த மலைப் பள்ளிகளில் உண்டு. அவர்களுக்கு மூன்று வேளைச் சோறும் படுக்க ஓர் இடமும் இருப்பது இங்கேதான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடிகளில் 54 சதவீதம். இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது குறைத்ததில் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாநிலத்தில் 300க்கும் மேல் இருக்கின்றன. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை நடத்துகிறது. நான் நர்ஸ் ஆனதும் அப்படி ஒரு பள்ளியால்தான்.

சரி, பள்ளிக்கு வருகிறேன்.

கட்டடம் பரவாயில்லை. ஓட்டுக் கூரை வகுப்புகள் இரண்டு, மீதி கான்கிரீட். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பகலில் வகுப்பறை எதுவோ அதுதான் ராத்திரியில் படுக்கை அறை. சாயங்காலம் பெஞ்சை ஒதுக்கிவிட்டுப் பாய் விரிப்பார்கள். காலையில் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் பாடம் தொடங்கும். பெரிய பெண்பிள்ளைகளுக்குத் தனி அறை இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. கழிப்பறை போதவில்லை. மோட்டார் ஓடினால் சுத்தமாக இருக்கும், கரண்ட் போய் டேங்க் காலியானால் பிள்ளைகள் வெளியே போவார்கள். துப்புரவுப் பணியாளர் பகுதிநேரம்தான் வருகிறார்.

சாப்பாட்டைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சமையல் அக்கா நம் மலைக்காரர், மூன்று ஊர் தள்ளி இருக்கிறார். கை மணம் நன்றாக இருக்கும். விடுதிப் பிள்ளைகளுக்கு உணவுப்படி 2023ல் மாதம் 1,000 ரூபாயில் இருந்து 1,400 ஆனது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 47 ரூபாய் கூட வராது, மூன்று வேளைக்கும் சேர்த்து. அந்தக் காசில் முட்டையும் சுண்டலும் ஒழுங்காகப் போடுகிறார்கள். உயர்த்தின பிறகு தட்டில் காய் கூடியிருப்பதை நானே பார்க்கிறேன். எனக்கு இருக்கும் ஒரே வருத்தம், மலையைச் சுற்றிச் சாமை விளைகிறது, கேழ்வரகு விளைகிறது, பிள்ளைகளின் தட்டில் அது வருவதே இல்லை. காலையில் ரவை உப்புமா, மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ராத்திரியும் சோறு. வாரத்தில் இரண்டு நாள் சாமைச் சோறோ கேழ்வரகுக் களியோ போட்டால் பிள்ளைகள் மிச்சம் வைக்காமல் தின்பார்கள். நம் விவசாயிக்கும் காசு போகும். ரத்தசோகைக்கு மாத்திரை கொடுக்கும் அரசு, இரும்புச் சத்துள்ள கேழ்வரகைப் பக்கத்து நிலத்தில் வாங்கலாமே. இன்னொன்று, ராத்திரிச் சாப்பாட்டை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிடுகிறார்கள், சமையல் அக்கா வீட்டுக்கு நடக்க வேண்டுமே. அடுத்து காலை எட்டு மணிக்குத்தான். வளரும் பிள்ளைகளுக்கு இது நீண்ட நேரம். வீட்டில் இருந்து பொரியுருண்டை, வேர்க்கடலை கொடுத்தனுப்புங்கள்.

படிப்பு சுமாருக்கு மேல். ஏழாவது படிக்கும் எங்கள் பிள்ளை தமிழைத் தடையில்லாமல் வாசிக்கிறாள், கணக்கும் போடுகிறாள். ஆங்கிலம் வரவில்லை. ஆசிரியர் பணியிடம் ஒன்று ரொம்ப நாளாகக் காலி. கீழே இருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியர்கள் நல்லவர்கள், சிலர் சொந்தக் காசில் நோட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். இந்தப் பள்ளிகளில் படித்தால் எங்கே போக முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பச்சைமலை சின்ன இலுப்பூர் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்த பெண் 2024ல் திருச்சி என்ஐடியில் இடம் வாங்கினார். நம் ஜவ்வாது மலை புலியூர் ஸ்ரீபதி ஏலகிரியில் பள்ளிக்கூடம் படித்து, பிரசவம் முடிந்த கையோடு தேர்வு எழுதி, 2024ல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். அவர் படம் எங்கள் மருத்துவமனை நோட்டீஸ் போர்டிலும் கொஞ்ச நாள் இருந்தது. ஒட்டினது நான்தான்.

இனி ராத்திரி.

பெரும்பாலான ஜிடிஆர் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே காப்பாளரும் கூட. பகல் முழுக்கப் பள்ளியை நடத்தி, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு போட்டு, அரிசி பருப்புக் கணக்கு எழுதி, அதற்குப் பிறகு ராத்திரி விடுதியையும் அவரே பார்க்க வேண்டும். ஒரு மனிதரால் ஆகிற காரியமா? அவருக்குக் குடும்பம் கீழே இருக்கிறது, கடைசி பஸ்ஸை விட்டால் போக முடியாது. நான் சொல்லும் பள்ளியில் ஒரு டீச்சர் மட்டும் வார நாட்களில் தங்குகிறார். அவர் ஊருக்குப் போகும் நாட்களில் வாட்ச்மேன் மட்டும்தான். வாட்ச்மேன் ஆண். உள்ளே பெண்பிள்ளைகள். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு ராத்திரியில் வயிறு வலித்தால், முதல் தீட்டு வந்தால், யாரை எழுப்புவாள்? பெரிய பிள்ளைகளை எழுப்புகிறாள். எட்டாவது படிக்கும் பெண்கள்தான் அங்கே ராத்திரி அம்மா. அந்தப் பிள்ளைகள் பொறுப்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் அது அவர்கள் வேலை இல்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல். சாயங்காலமே உடம்பு சூடாக இருந்திருக்கிறது, யாரும் அளந்து பார்க்கவில்லை, அளக்கத் தெர்மாமீட்டரும் இல்லை. நடுராத்திரியில் பிதற்ற ஆரம்பித்ததும் பெரிய பிள்ளை ஒருத்தி வாட்ச்மேனை எழுப்பியிருக்கிறாள். பள்ளிக்குள் போனில் சிக்னல் கிடைக்காது. அவர் பாறைமேல் ஏறி 108க்கும் எனக்கும் பேசினார். வண்டி மலை ஏறி வந்து சேர விடியப் பார்த்தது. பிள்ளை கீழே வந்ததும் உடம்பு முழுக்கத் தேடினேன். இடுப்புக்குக் கீழே, பாவாடை நாடா படும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. உண்ணிக் காய்ச்சல். எங்கள் பக்கத்து மலையடிவாரத்தில் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் இது நிறைய வரும். டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய்தான். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று போய் உயிரை எடுக்கும். பிள்ளை பிழைத்தாள், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த ராத்திரியில் அந்தப் பெரிய பெண் எழுந்திருக்காவிட்டால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

இது எங்கள் பள்ளிக்கு மட்டும் வந்த விஷயமும் இல்லை. மகாராஷ்டிராவில் ஆசிரமப் பள்ளி என்பார்கள், இதே மாதிரிப் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிப்பவை. அங்கே வருடா வருடம் பிள்ளைகள் இறந்துகொண்டிருந்ததை ஆராய 2016ல் டாக்டர் சுபாஷ் சாலுங்கே தலைமையில் ஒரு குழு போட்டார்கள். காய்ச்சல், பாம்புக்கடி, தேள்கடி, நீரில் மூழ்குவது என்று, நேரத்துக்கு ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அதில் இருந்தன. படித்தபோது நர்ஸாகக் கோபம் வந்தது, மலைக்காரியாக அழுகை வந்தது.

பாம்பு என்றதும் சொல்ல வேண்டும். தரையில் பாய் போட்டுப் படுக்கும் பிள்ளைகளுக்குக் கட்டுவிரியன்தான் பெரிய எதிரி. ராத்திரியில் வரும், தூக்கத்தில் கடிக்கும், கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்குது என்று அழும், கண் இமை தொங்கும், பேச்சு குழறும். வயிற்றுவலிக்குச் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு நேரத்தைப் போக்கினால் மூச்சு நின்றுவிடும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்துப் பாதை இல்லாத குறையால் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கட்டில் வந்தால் பாதி ஆபத்து போய்விடும். கட்டில் இல்லாத வரைக்கும் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகிப் படுக்கச் சொல்லுங்கள். இந்தப் பள்ளியில் பெரிய பெண்பிள்ளைகள் அறைக்கு இரும்புக் கட்டில் வந்திருக்கிறது. சின்னப் பிள்ளைகள் இன்னும் தரையில்தான். வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

காய்ச்சல் சம்பவத்துக்குப் பிறகு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினேன். ஹெச்.எம். சார் கோபப்படவில்லை, எழுதிக்கொண்டார். இப்போது தெர்மாமீட்டர் இருக்கிறது. சாயங்காலப் பிரேயருக்குப் பிறகு உடம்பு சரியில்லாத பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். கேட் சாவி இன்னொன்று பெண்பிள்ளைகள் அறையில் தொங்குகிறது. கழிப்பறைக்குப் போகும் வழியில் சோலார் விளக்கு வந்துவிட்டது. இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகவில்லை. இந்த மூன்று மதிப்பெண்ணில் ஒன்று, கேட்டதும் காது கொடுத்ததற்காக. ராத்திரியில் தங்க ஒரு பெண் காப்பாளர் வேண்டும் என்ற மனு மட்டும் மாவட்ட அலுவலகத்துக்குப் போய் அப்படியே இருக்கிறது. மறுபடியும் கொடுத்திருக்கிறோம்.

மற்றபடி உடம்பு விஷயத்தில் நடப்பவை நடக்கின்றன. வியாழக்கிழமை நீல நிற இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் என்று சொன்ன பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் மாற்றினார்கள். குடற்புழு மாத்திரை பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. சொறி மட்டும் ஓயவில்லை. ஒரு பிள்ளைக்கு மருந்து போட்டு விட்டால் பக்கத்துப் பாயில் இருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஒரே ராத்திரியில் அறையில் இருக்கும் எல்லாருக்கும் கழுத்தில் இருந்து பாதம் வரை தடவி, மறுநாள் துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். லீவு முடிந்து வீட்டில் இருந்து வரும் பிள்ளைகள் திரும்பக் கொண்டுவராமல் இருக்க வீட்டிலும் இதைச் செய்யுங்கள்.

மனசைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை முதல் சில மாதம் அழும், பாயை நனைக்கும், சனிக்கிழமை வந்தால் பாதையையே பார்த்துக்கொண்டு நிற்கும். நனைத்ததற்கு அடிக்கிறார்களா என்று கேளுங்கள். இங்கே அடிப்பதில்லை, அதைச் சந்தோஷமாகவே சொல்கிறேன். சமையல் அக்கா காலையில் யாருக்கும் தெரியாமல் பாயை அலசி வைத்துவிடுகிறார். அவர் சம்பளத்தில் சேராத வேலை அது. நான் கண்ட வரை, இந்தப் பள்ளியின் பெரிய பலம் அது மலையிலேயே இருப்பதுதான். அம்மா விறகுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். காளியம்மன் திருவிழாவுக்குப் பிள்ளை ஊருக்கு வரலாம். நம் பேச்சைக் கேலி பண்ண அங்கே யாரும் இல்லை, எல்லாரும் அதே பேச்சுதான்.

அதனால்தான் ஆறாம் வகுப்பில் ஏகலைவா பள்ளிக்கு, அதாவது பழங்குடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உறைவிடப் பள்ளிக்கு, மாற்றலாமா என்று அண்ணன் கேட்டபோது நான் யோசிக்கச் சொன்னேன். ஏலகிரி அத்தனாவூரில் ஒன்று இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஒரு பள்ளிக்கு 480 பிள்ளைகள், ஆண் பெண் சரிபாதி என்பது மத்திய அரசின் திட்டம். லேப், விளையாட்டு மைதானம் எல்லாம் அங்கே நம் பள்ளியைவிட மேல். நுழைவுத் தேர்வு உண்டு, பழங்குடிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 2023ல் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு வைத்து ஆசிரியர்களை எடுத்தார்கள், இந்தியும் அதில் கட்டாயப் பாடம். தமிழ் தெரியாத ஆசிரியர் மலைப் பிள்ளைக்கு எப்படிப் பாடம் நடத்துவார் என்ற கேள்வி தென்மாநிலங்களில் எழுந்தது நியாயம்தான். நன்றாகப் படிக்கும், துணிச்சலான பிள்ளை என்றால் தேர்வு எழுத வையுங்கள். எங்கள் பிள்ளை இன்னும் ராத்திரியில் பயப்படுகிறவள். எட்டாவது வரை இங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். அவளையும் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

பெண்பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எட்டாவது முடிந்ததும் நிறுத்திக் கல்யாணம் பேசாதீர்கள். பதினாறு வயதில் பிரசவத்துக்கு வரும் நம் மலைப் பெண்களை நான் லேபர் வார்டில் பார்க்கிறேன். ரத்தம் ஏழு கிராம் இருக்கும், கண் வெளுத்திருக்கும். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது, 2022 செப்டம்பரில் இருந்து. ஜிடிஆர் பள்ளியும் அதில் சேரும்.

சேர்க்கப் போகும்போது ஹெச்.எம். அறையில் உட்கார்ந்து பேசிவிட்டு மட்டும் வராதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போங்கள், முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை. இன்று ராத்திரி யார் தங்குகிறார்கள் என்று பெயர் கேளுங்கள். கேட் சாவி யாரிடம், எந்த இடத்தில் சிக்னல் வரும், பாம்புக்கடி மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று கேளுங்கள். கழிப்பறைக் கதவைச் சாத்திப் பாருங்கள். எட்டாவது படிக்கும் பிள்ளை ஒருத்தியிடம் தனியாகப் பேசுங்கள், அவளுக்குத் தெரியாதது ஒன்றும் இருக்காது. பிள்ளை ஏதாவது சொல்லத் தயங்கினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணும் இருக்கின்றன. இரண்டையும் அவளுக்கு மனப்பாடம் பண்ணி வையுங்கள்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் கேட்பார்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றாலும் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், மனுப் போட்ட ரசீதைக் காட்டிப் பேசுங்கள். பெட்டியில் போர்வை இரண்டு வைக்க மறக்காதீர்கள், மார்கழியில் ஒன்று பத்தாது. பூட்டுக்கு இரண்டு சாவி, ஒன்று டீச்சரிடம். குடகுக்குப் போகிறவர்கள் மேஸ்திரியின் நம்பரையும் பள்ளியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எஸ்டேட்டில் உங்கள் போன் எடுக்காது.